யாழினியின் கன்னத்துச் சிரங்கு

முதலில் வந்தது ஒரே ஒரு புள்ளி. இடது கன்னத்தில், காதுக்குக் கொஞ்சம் முன்னால், கடுகு அளவு. என் மகள் யாழினிக்கு அப்போது ஏழு மாதம். கொசு கடித்திருக்கும் என்று தேங்காய் எண்ணெய் தொட்டு வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன்.

எங்கள் வீடு காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர் போகிற ரோட்டுக்குக் கடல் பக்கம். கொசுவுக்கும் பஞ்சமில்லை, கன்டெய்னர் லாரி கிளப்பும் தூசிக்கும் பஞ்சமில்லை. இங்கே ஒரு குழந்தையின் கன்னம் சிவந்தால் யாரும் திடுக்கிட மாட்டார்கள்.

மூன்றாம் நாள் புள்ளி ஏழெட்டு ஆனது. ஒரு வாரத்தில் இரண்டு கன்னம், நெற்றி, காதுக்குப் பின்னால், உள்ளங்கால். உள்ளங்காலில் நீர் கோத்த சின்னச் சின்னக் கொப்புளங்கள். பாப்பா தூங்கவே மாட்டாள். முகத்தை என் தோளில் வைத்து இப்படியும் அப்படியும் தேய்ப்பாள். சொறியத் தெரியாத வயசு, அரிக்கிறது என்று சொல்லவும் தெரியாது. தேய்ப்பாள், அழுவாள், மறுபடி தேய்ப்பாள்.

இதை எழுதச் சொன்னது குழந்தைகள் வார்டில் இருந்த ஒரு நர்ஸ் அக்கா. "உன்ன மாதிரி அம்மாங்க வந்துகினே இருக்காங்க கௌரி. நீ பட்டதை எழுதிக் குடு, நான் அவுங்களுக்குப் படிச்சிக் காட்டறேன்" என்றார். நான் பன்னிரண்டாவது வரை படித்தவள், எழுத வரும். ஆனால் பட்டதை எழுதினால் செய்ததையும் எழுத வேண்டும். அதனால்தான் இத்தனை நாள் தள்ளிப் போட்டேன்.

என் வீட்டுக்காரர் பெயர் தேசப்பன். விசைப் படகில் போகிறவர். எங்கள் பக்கம் போட்டு என்போம். ஒன்பது பேர் ஐஸ் ஏற்றிக்கொண்டு போனால் பன்னிரண்டு நாளோ பதினைந்து நாளோ கழித்துத்தான் கரை. வந்தால் மூன்று நாலு நாள் வீட்டில். பாப்பா பிறந்த பிறகு அவள் அப்பாவோடு இருந்த நாளை எல்லாம் சேர்த்தால் இரண்டு மாதம் கூடத் தேறாது.

அந்த நாலு நாளில் அவருக்கு ஒரே ஒரு வேலைதான். குளித்துவிட்டுச் சட்டை போடாமல் தரையில் மல்லாந்து படுப்பார். பாப்பாவைக் குப்புற நெஞ்சின் மேல் போட்டுக்கொள்வார். அவள் இடது கன்னத்தை அவர் நெஞ்சில் அழுத்திக்கொண்டு ஒரு நிமிஷத்தில் தூங்கிவிடுவாள். எவ்வளவு சோப்பு போட்டாலும் அவர் மேல் கொஞ்சம் டீசல் வாடை இருக்கும், அது அவளுக்குப் பிடிக்கும் போல. என்னிடம் ஒரு மணி நேரம் மல்லுக்கட்டுகிறவள் அவரிடம் மட்டும் அப்படி அடங்குவாள். எனக்குப் பொறாமையாகக் கூட இருக்கும்.

நான் இறால் உரிக்கிற ஷெட்டில் வேலை செய்கிறேன். பாப்பாவைப் பக்கத்து வீட்டில் இருக்கும் என் நாத்தனார் அம்சா அண்ணி பார்த்துக்கொள்வார். காலை ஆறு மணிக்கு உட்கார்ந்தால் மதியம் வரை கை ஐஸ் தண்ணீரில் ஊறும். இறால் தண்ணீர் பட்டால் கை அரிக்கும், விரல் இடுக்கு வெடிக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே பக்கத்தில் உட்காருகிறவள் சொல்லிக் கொடுத்துவிடுவாள், படிகாரம் கரைத்துக் கை கழுவு என்று. ஷெட்டில் இருக்கிற எல்லாருக்கும் அரிக்கும். யாரும் அதற்காக டாக்டரிடம் போனதில்லை.

அந்த வருஷம் கார்த்திகை மழையில் என் விரல் இடுக்கில் அரிப்பு கொஞ்சம் கூடுதலாக இருந்தது. மணிக்கட்டிலும் இருந்தது. படிகாரத் தண்ணீரில் கழுவினேன். போகவில்லை. சரி, மழைக்காலம் என்று விட்டுவிட்டேன்.

கடலுக்குப் போகிறவர்கள் கதையும் அதேதான். உப்புத் தண்ணீர், ஈரத் துணி, வலையில் ஏறும், தொட்டாலே தடிக்கிற சொறி மீன். உடம்பு அரிக்கவில்லை என்றால்தான் அதிசயம். பொங்கலுக்கு வந்தவர் இடுப்பையும் அக்குளையும் சொறிந்துகொண்டே இருந்தார்.

"இன்னா மாமா, இப்டி சொறிஞ்சுகினு கீற?"

"உப்புத் தண்ணிமே. சொறி மீனு வேற ஏறிச்சு வலையில. ரெண்டு நாள்ல போவும்."

அந்த நாலு நாளும் பாப்பா அவர் நெஞ்சில்தான் கிடந்தாள். அப்புறம் அவர் கடலுக்குப் போய்விட்டார். தை மாதம் முடிகிற சமயம் பாப்பா கன்னத்தில் அந்தக் கடுகுப் புள்ளி வந்தது.

அம்சா அண்ணி பார்த்ததுமே கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அம்மா வந்து கீறாடி. சோப்பு போடாத, மருந்து கிருந்து குடுக்காத. வேப்பிலை மேல படுக்க வெய்." அம்மைக் கொப்புளம் நாலைந்து நாளில் உலர்ந்து உதிரும், இது உலரவில்லையே என்று எனக்குள் ஒரு சந்தேகம். ஆனால் பெரியவர்கள் பேச்சை மீறி ஏதாவது ஆகிவிட்டால்? ஐந்து நாள் குளிப்பாட்டாமல் வேப்பிலை மேல் போட்டு வைத்தேன். பாப்பா வேப்பிலையிலும் முகத்தைத் தேய்த்தாள்.

ஆறாம் நாள் மெடிக்கல் ஷாப்புக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "அலர்ஜிம்மா. இதைப் போடுங்க, மூணு நாள்ல பளிச்சுன்னு ஆயிடும்" என்று ஒரு டியூப் கொடுத்தார். சொன்ன மாதிரியே மூன்று நாளில் சிவப்பு அடங்கியது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பாப்பாவுக்குப் பொட்டு வைத்துப் போட்டோ எடுத்து என் வீட்டுக்காரர் போனுக்கு அனுப்பினேன். அவர் கடலில் இருந்தார். கரைக்கு வரும்போது பார்க்கட்டும் என்று அனுப்பினேன்.

அது ஸ்டீராய்டு (அரிப்பையும் சிவப்பையும் கொஞ்ச நாளைக்கு அடக்கி வைக்கும் மருந்து) என்று பிறகுதான் தெரிந்தது. நோய் அடியில் அப்படியே இருந்தது, மேலே மூடி மட்டும் போட்டிருக்கிறேன். இதைப் படிக்கிற அம்மாக்களுக்குக் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன். குழந்தை முகத்துக்குக் கடையில் கேட்டு எதையும் வாங்கிப் பூசாதீர்கள்.

மாசி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலை பாப்பாவின் இடது கண் திறக்கவில்லை. கன்னம் முழுவதும் வீங்கிப் பளபளத்தது. தொட்டால் சுட்டது. பால் குடிக்க மறுத்தாள். ஆட்டோவில் ஏறினோம். ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றன. ஆட்டோக்காரர் இறங்கிப் போய் ஒவ்வொரு லாரிக்காரனிடமும் சண்டை போட்டு வழி வாங்கினார். அந்த மனிதர் பெயர் கூட எனக்குத் தெரியாது, நன்றாக இருக்கட்டும்.

பெரிய ஆஸ்பத்திரியில் உடனே சேர்த்துக்கொண்டார்கள். செல்லுலைட்டிஸ் (தோலுக்கு அடியில் கிருமி பரவி வீங்குவது) என்றார்கள். "கண்ணுக்குப் பின்னாடி போயிடக் கூடாது, அதான் நரம்பு வழியா மருந்து ஏத்தறோம்" என்றார் டாக்டர். சின்ன வயசுப் பெண். போயிட்டா இன்னா ஆவும் என்று கேட்டேன். அவர் குனிந்து பாப்பாவின் கையில் நரம்பு தேடினார். எனக்குப் புரிந்துவிட்டது.

மறுநாள் தோல் டாக்டர் வந்தார். பாப்பாவின் உள்ளங்காலில் ஒரு கொப்புளத்தைச் சின்ன பிளேடால் வலிக்காமல் சுரண்டி, கண்ணாடித் துண்டில் வைத்து எடுத்துக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். மைக்ராஸ்கோப் (சின்னதைப் பெரிதாகக் காட்டும் கருவி) பக்கத்தில் நின்றுகொண்டு, "பாருங்க, இதுதான்" என்றார்.

பார்த்தேன். உருண்டை உடம்பு, முன்னால் குட்டைக் கால்கள். நண்டுக் குஞ்சு மாதிரி இருந்தது. அதன் பக்கத்தில் நீள்வட்டமாக இரண்டு முட்டைகள். என் குழந்தையின் பாதத்தில் இது வீடு கட்டி இருந்திருக்கிறது, நான் அம்மை என்றும் அலர்ஜி என்றும் பூசை செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

ஸ்கேபீஸ் (சிரங்கு, கண்ணுக்குத் தெரியாத பூச்சி தோலுக்குள் வளை தோண்டி முட்டையிடுவதால் வருவது) என்றார் டாக்டர். பெரியவர்களுக்கு இது முகத்தில் வராது, விரல் இடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு, அக்குள் என்று வரும். சின்னக் குழந்தைகளுக்குத்தான் முகம், தலை, உள்ளங்கால் எல்லாம் வருமாம். அழுக்கால் வருவது இல்லை, ரொம்ப நேரம் உடம்போடு உடம்பு ஒட்டி இருந்தால் தொற்றும். முதல் தடவை தொற்றினால் அரிப்பு தெரியவே நாலு ஐந்து வாரம் ஆகும். "யார் தப்பும் இல்லம்மா இது" என்றும் சொன்னார். அந்தக் கடைசி வார்த்தை என் காதில் ஏறவில்லை.

"வீட்ல வேற யாருக்கு அரிப்பு இருக்கு?"

"என் வூட்டுக்காரருக்கு டாக்டர். பொங்கல்லேர்ந்து சொறிஞ்சுகினே இருந்தாரு."

"உங்களுக்கு?"

"எனக்கு இல்ல."

அவர் என் கையைப் பிடித்து விரல்களை விரித்துப் பார்த்தார். "இது?"

"அது இறால் உரிக்கிற கை டாக்டர். எங்க ஷெட்டுல எல்லாருக்கும் இப்டித்தான்."

அவர் இன்னொரு தடவை பார்த்தார். ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் யாரோ கூப்பிட்டார்கள். "எதுவா இருந்தாலும் எல்லாரும் ஒரே நாள்ல மருந்து போட்டாகணும். அப்பா எங்கே?" என்றார். கடல்ல என்றேன். "அவருக்கும் சொல்லுங்க, கூடப் படுக்கறவங்களுக்கும் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வேகமாகப் போனார்.

நான் விரல் விட்டு எண்ணினேன். பாப்பாவுக்குப் புள்ளி வந்தது தை முடிவில். நாலு ஐந்து வாரம் பின்னால் போனால் மார்கழி. மார்கழி நடுவில் அவர் வீட்டுக்கு வந்து நாலு நாள் இருந்தார். பாப்பா இடது கன்னத்தை வைத்துப் படுத்தது அவர் நெஞ்சில். வீங்கி இருப்பதும் இடது கன்னம். கோபம் தலைக்கு ஏறிவிட்டது எனக்கு.

அம்சா அண்ணியைப் பாப்பா பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு ஷேர் ஆட்டோ பிடித்துக் காசிமேட்டுக்குப் போனேன். போட்டு ஓனர் வீட்டு மாடியில் வயர்லெஸ் செட் இருக்கிறது. தினமும் சாயந்தரம் ஐந்து மணிக்குக் கரையில் இருந்து பேசுவார்கள். கிட்டே இருக்கிற போட்டுக்கு நேராகக் கேட்கும். தூரத்தில் இருந்தால் நடுவில் இருக்கிற போட்டுக்காரர் வாங்கி அடுத்தவருக்குச் சொல்வார். ஒரே சேனல். ஒருத்தர் பேசினால் கேட்கிற தூரத்தில் இருக்கிற எல்லாருக்கும் கேட்கும். இது எனக்குத் தெரியாதது இல்லை. மீன் விலையையே அதில் ஜாடையாகத்தான் பேசுவார்கள்.

ஓனர் வீட்டு அக்கா பட்டனை எப்படி அழுத்துவது, முடித்தால் ஓவர் சொல்ல வேண்டும் என்று காட்டினார். எங்கள் போட்டு ரொம்ப தூரத்தில் இருந்தது. நடுவில் இருந்த ஒரு போட்டின் டிரைவர், "சொல்லும்மா, நான் சொல்லிடறேன்" என்றார்.

கல்யாணம் ஆன நாளில் இருந்து அவர் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னேன்.

"யோவ் தேசப்பா. இன்னாய்யா எடுத்தாந்து உட்ட என் புள்ள மேல? உன் சொறி நெஞ்சு மேல போட்டுகினியே, பூச்சி ஏறி அவ கண்ணு மூடிகினு கீதுய்யா. டாக்டரு சொல்ட்டாங்க, உங்கிட்டேர்ந்துதான் வந்துச்சாம். இனிமே நீ அவளைத் தொடாத. தொட்டியோ, நான் மனுஷியா இருக்க மாட்டேன். ஓவர்."

டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்.

செட்டில் ஒரே இரைச்சல். பிறகு அந்த டிரைவர் என் வார்த்தையை எடுத்து அடுத்த போட்டுக்குச் சொல்வது கேட்டது. பாவம், அவருக்கே கூச்சமாக இருந்திருக்கும். "தேசப்பன் வூட்டுல பேசுனாங்கபா. அவனுக்குச் சொறியாம், பூச்சியாம். கொழந்தைக்கு வந்துட்சாம். புள்ளைய தொடாதன்றாங்க." அடுத்தவர் அதை இன்னொரு தடவை சொன்னார். கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது.

"சரின்னு சொல்றான்மா."

நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா? அன்றைக்கு அது எனக்குத் தோன்றவே இல்லை. மனசு ஆறியது போலத்தான் படி இறங்கினேன்.

போட்டு திரும்பி வர ஆறு நாள் ஆனது. அந்த ஆறு நாளும் அவரைக் கேபினுக்குள் படுக்க விடவில்லை, தட்டைத் தனியாக வைத்தார்கள் என்று பிறகு தெரிந்தது. அவர் சொல்லவில்லை, அம்சா அண்ணி சொன்னார். துறைமுகத்தில் இறங்கி நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தார். வார்டு கிரில் கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். பாப்பாவின் கண் அப்போது பாதி திறந்திருந்தது. அப்பாவைப் பார்த்துக் கையை நீட்டினாள். நான் அவளைத் திருப்பிப் பிடித்துக்கொண்டேன்.

"தொடல மே. பாத்துட்டுப் போறேன்" என்றார். முழுக்கைச் சட்டையைப் பொத்தான் போட்டுக் கழுத்து வரை மூடியிருந்தார்.

பத்து நாளில் வீக்கம் வடிந்து வீட்டுக்கு வந்தோம். பார்வைக்கு ஒன்றும் இல்லை. இன்றைக்கும் அவள் இடது கண்ணோரத்தில் ஒரு சின்னத் தழும்பு இருக்கிறது.

வைத்தியம் எளிதுதான், ஒழுங்காகச் செய்தால். பெர்மெத்ரின் (பூச்சியைக் கொல்லும் களிம்பு) கொடுத்தார்கள். பெரியவர்கள் கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை ஓர் இடம் விடாமல், நகத்துக்கு அடியிலும் பூசி, மறுநாள் காலை குளிக்க வேண்டும். குழந்தைக்கு முகம், தலையிலும் பூசச் சொன்னார்கள், கண்ணையும் வாயையும் விட்டுவிட்டு. கையை வாயில் வைத்துவிடுவாள் என்று சாக்ஸ் மாட்டினேன். நாங்கள் மூன்று பேர், அம்சா அண்ணி வீட்டில் நாலு பேர், எல்லாரும் ஒரே நாளில் பூசினோம். ஒரு வாரம் கழித்து மறுபடி பூசினோம். துணியெல்லாம் வெந்நீரில் அலசி வெயிலில் போட்டோம். துவைக்க முடியாததைப் பையில் கட்டி ஒரு வாரம் ஓரமாக வைத்தோம். போட்டில் இருந்த மற்றவர்களுக்கும் ஓனர் வீட்டு அக்கா மருந்து வாங்கிக் கொடுத்தார். ஒருத்தர் விட்டாலும் எல்லாருக்கும் திரும்பி வரும். பூச்சி செத்த பிறகும் இரண்டு மூன்று வாரம் அரிக்கும், பயந்துபோய் மறுபடி மறுபடி பூசாதீர்கள்.

பங்குனி பிறந்ததும் டாக்டர் எங்கள் எல்லாரையும் பார்த்துவிட்டு, "சரியாயிடுச்சு. அப்பா தூக்கலாம், கொஞ்சலாம், எல்லாம் பண்ணலாம்" என்று சிரித்தார். என் வீட்டுக்காரர் தலையை ஆட்டினார். வெளியே வந்ததும் பாப்பாவை நீட்டினேன். "இருக்கட்டும்மே, நீயே வெச்சிக்கோ" என்று முன்னால் நடந்தார்.

ஏலம் போடுகிற இடத்தில் அவருக்குப் பட்டப்பெயர் வந்துவிட்டது. சொறி தேசப்பன். கிண்டலுக்குத்தான், எங்கள் ஊரில் பட்டப்பெயர் இல்லாத ஆளே கிடையாது. ஆனால் டீ குடிக்கும்போது, "அந்த கிளாஸைத் தனியா வையிபா" என்று ஒருத்தன் சொன்னானாம். அவரும் சிரித்துக்கொண்டே தனியாக வைத்தாராம்.

அதே பங்குனியில் நான் மறுபடி ஷெட்டுக்குப் போனேன். ஒரு வாரம் உரித்தேன், இரண்டு வாரம் உரித்தேன். கை ஊறியது, வெளுத்தது, முள் குத்தியது. அரிக்கவில்லை. விரல் இடுக்கை விரித்து விரித்துப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. பக்கத்தில் இருந்தவள், "இன்னாடி கையையே பாத்துகினு கீற, ஜோசியமா?" என்று கேட்டாள்.

அதே ஐஸ், அதே இறால், அதே கை. கார்த்திகையிலிருந்து விடாமல் அரித்தது களிம்பு போட்டதும் போய்விட்டது என்றால், அது இறாலால் வந்தது இல்லை. எனக்குக் கார்த்திகையில் அரித்தது, அவருக்குப் பொங்கலுக்கு. எங்கள் இரண்டு பேரில் முன்னால் பூச்சி ஏறியது யார் மேல்? பாப்பாவைக் குளிப்பாட்டி, முகத்துக்குப் பவுடர் போட்டு, பால் கொடுத்து, அணைத்துப் படுத்தது யார் கை? எனக்கு யாரிடமிருந்து வந்ததோ தெரியாது, அவரிடம் இருந்தே கூட வந்திருக்கலாம் என்று மனசு ஒரு சாக்கு தேடியது. ஆனால் எண்ணிப் பார்த்தால் கணக்கு என் பக்கம்தான் வந்து நின்றது. கையில் இருந்த இறாலைப் போட்டுவிட்டு எழுந்து போய்ச் சுவர் ஓரமாக நின்று அழுதேன்.

வீட்டுக்குப் போய்ச் சொல்லி இருக்க வேண்டும். சொல்லவில்லை. நாளைக்கு, அடுத்த தடவை வரும்போது, பாப்பாவுக்கு உடம்பு தேறட்டும் என்று ஒவ்வொன்றாகத் தள்ளினேன். உண்மையைச் சொன்னால் பயம்தான். அம்சா அண்ணி என்ன சொல்வார், ஷெட்டில் என்னை யார் பக்கத்தில் உட்கார வைப்பார்கள் என்ற பயம். அவர் தலையில் ஏறிய பெயர் என் தலைக்கு வந்துவிடுமே என்ற பயம். இதைவிடக் கேவலம் உண்டா?

சித்திரையில் மீன்பிடித் தடைக்காலம் வந்தது. இரண்டு மாதம் போட்டு எதுவும் போகாது. அவர் கல்யாணம் ஆன பிறகு வீட்டில் சேர்ந்தாற்போல இருந்ததே தடைக்காலங்களில்தான். பாப்பா தவழ்ந்தாள், சுவரைப் பிடித்து நின்றாள். எல்லாவற்றையும் எதிர்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பார்த்தார். பொம்மையைத் தள்ளி விடுவார், பந்தை உருட்டி விடுவார், தூக்க மாட்டார். அவள் அவர் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தால் என்னைக் கூப்பிடுவார். வீட்டிலும் சட்டை போட்டிருந்தார், அந்த வெயிலிலும்.

கடலுக்குப் போவதற்கு முந்தின நாள் மதியம். புழுக்கம் தாங்காமல் சட்டையைக் கழற்றிவிட்டுப் படுத்தவர் அசந்துவிட்டார். நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் பாப்பா தவழ்ந்து போய் அவர் மேல் ஏறிக்கொண்டிருந்தாள். ஏறி, இடது கன்னத்தை அவர் நெஞ்சில் வைத்து, விரலை வாயில் போட்டுக்கொண்டாள்.

அவர் விழித்துக்கொண்டார். அசையவில்லை. இரண்டு கையையும் மெதுவாக விலக்கி, தரையில் அகலமாக விரித்து வைத்துக்கொண்டார், அவள் மேல் பட்டுவிடாமல்.

"கௌரி" என்று மெல்லக் கூப்பிட்டார். "வந்து எடுத்துக்கோ மே. நான் தொடல."

நான் போய் எடுத்தேன். அப்போதாவது சொன்னேனா? வாய் வரவில்லை. பாப்பா வீறிட்டு அழுதாள். அவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். மறுநாள் விடிவதற்குள் போட்டுகள் கிளம்பிவிட்டன.

அதற்கடுத்த நாள் சாயந்தரம் ஐந்து மணிக்கு ஓனர் வீட்டு மாடி ஏறினேன். எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொன்னதை எல்லார் காதிலும் விழுகிற மாதிரிதான் திருப்பி வாங்க வேண்டும் என்று நினைத்தேன். போட்டு கிட்டேதான் இருந்தது. இந்தத் தடவை அவர் குரலே வந்தது.

"இன்னாமே, பாப்பாக்கு இன்னா?"

"பாப்பாக்கு ஒண்ணும் இல்ல மாமா. நான் ஒண்ணு சொல்றேன், கேளு. மத்த போட்டுக்காரங்களும் கேளுங்க. அன்னிக்கு இவுருகிட்டேர்ந்துதான் புள்ளைக்கு வந்துச்சுன்னு சொன்னேன் இல்ல? எனக்குத்தான் மொதல்ல அரிச்சுது. கார்த்திகையிலேர்ந்து. இறால்னு நெனச்சுகினேன். களிம்பு போட்டதும் போயிட்சு, இறால் உரிச்சாலும் திரும்பி வரல. எங்கிட்டேர்ந்துதான் மாமா உனக்கும் வந்திருக்கும். உன் மேல தப்பே இல்ல. நீ வந்து அவளைத் தூக்கு. ஓவர்."

இரைச்சல். ஓனர் வீட்டு அக்கா என் முதுகில் கை வைத்தார்.

"எப்ப தெரிஞ்சுது ஒனக்கு?" என்று செட்டில் அவர் குரல் வந்தது.

"பங்குனியில."

மறுபடி இரைச்சல். அவர் பட்டனை அழுத்திப் பிடித்திருப்பது தெரிந்தது. எஞ்சின் சத்தம் மட்டும் வந்தது.

"மூணு மாசம்மே" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். ஓவர் கூடச் சொல்லவில்லை.

பதின்மூன்று நாள் கழித்து வந்தார். சண்டை போடவில்லை, திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. குளித்தார். சட்டை போடாமல் தரையில் படுத்தார். பாப்பாவைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டி, "வாடா" என்றார். அந்தப் பதின்மூன்று நாளில் பாப்பா நடக்கப் பழகிவிட்டாள். நடக்கத் தெரிந்த குழந்தை யார் மடியில் இருக்கும்? வந்தாள், அவர் மூக்கைப் பிடித்து இழுத்தாள், ஓடிவிட்டாள். பிடித்து நெஞ்சின் மேல் போட்டார். நெளிந்து இறங்கினாள். மறுநாளும் அப்படித்தான். என் மேலும் இப்போது அவள் தூங்குவதில்லை. பாயில் கையைக் காலை விரித்துத் தனியாகத் தூங்குகிறாள்.

என் தோலில் ஒன்றும் இல்லை. டாக்டர் பார்த்தாயிற்று. ஆனாலும் விளக்கை அணைத்ததும் விரல் இடுக்கில் ஊர்கிற மாதிரி இருக்கும். எழுந்து விளக்கைப் போட்டுப் பார்ப்பேன். முன்பெல்லாம் போட்டு போய் எத்தனை நாள், வர எத்தனை நாள் என்றுதான் எண்ணுவேன். இப்போது எதை எண்ணினாலும் மூன்று மாதம் என்று வந்து நிற்கிறது. களிம்பு இரண்டே தடவையில் வேலை செய்துவிட்டது. ஒரு குழந்தை அப்பா நெஞ்சில் தூங்குகிற வயசு கொஞ்ச நாள்தான், அதில் மூன்று மாதத்தை நான் வாயை மூடிக்கொண்டு தின்றுவிட்டேன். உங்கள் வீட்டில் இது வந்தால் மருந்து போடுங்கள், யாரிடமிருந்து வந்தது என்று தேடாதீர்கள்.

யாழினிக்கு இப்போது ஒன்றரை வயசு. போன வாரம் அவர் கடலிலிருந்து வந்து, வழக்கம் போலக் குளித்துவிட்டுத் தரையில் படுத்தார். இன்னும் ஒவ்வொரு தடவையும் அப்படிப் படுத்துக் கொஞ்ச நேரம் காத்திருக்கிறார். அவள் தன் பிளாஸ்டிக் பொம்மையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அதைக் குப்புறப் போட்டு, கன்னம் படுகிற மாதிரி அவர் நெஞ்சில் வைத்தாள். இரண்டு தட்டு தட்டிவிட்டு வெளியே விளையாட ஓடிவிட்டாள்.

அவர் விரித்து வைத்திருந்த கையை மடக்கி அந்தப் பொம்மையை அணைத்துக்கொண்டார். அவள் திரும்பி வந்து கேட்கிற வரைக்கும் அப்படியே படுத்திருந்தார்.